மத்லபின் தாய்மார்: ஓர் அறப்பணியின் கணக்கு

தருமம் செய்வது எளிது. செய்த தருமம் யாருக்கு, எவ்வளவு பயன்பட்டது என்று கணக்குப் பார்ப்பது அரிது. பசித்தவனுக்குச் சோறிட்டால் அவன் முகமே கணக்கைச் சொல்லிவிடும். கிணறு வெட்டினால் ஊறும் நீர் சொல்லும். ஆனால், பிள்ளை பெற்று நாற்பது நாளும் கழியாத ஓர் ஏழைத் தாயிடம் சென்று, அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவதற்கான வழியைச் சொல்லி, அதற்கான பொருளையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு வரும் அறப்பணிக்குக் கணக்கு எது? கொடுத்த பொருளின் எண்ணிக்கையா? பிறவாமற்போன பிள்ளைகளின் எண்ணிக்கையா? அல்லது, அந்தத் தாய் மறு ஆண்டும் உடல் நலத்தோடு உயிர் வாழ்கிறாள் என்பதா?

இக்கேள்விக்கு விடை காண உலகம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகிறது. அம்முயற்சியில் மிக நீண்டதும், மிக நுணுக்கமாக எழுதி வைக்கப்பட்டதுமான ஏடு ஒரு முஸ்லிம் நாட்டில்தான் இருக்கிறது. வங்கதேசத்தின் ஆற்றோரத்து ஊர்களான மத்லபின் ஏடு அது. அதனை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நன்று எனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு நபிமொழியின் கருத்தை நினைவுகூர்வோம். பாலூட்டும் தாயோடு கணவன் கூடுவதால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்னும் அச்சம் அரபு மக்களிடையே இருந்தது. அதற்குக் 'கீலா' என்று பெயர். அதனைத் தடுத்துவிடலாமா என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். ஆனால் ரோமரும் பாரசீகரும் அவ்வாறே வாழ்கின்றனர் என்பதையும், அதனால் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கேடு விளையவில்லை என்பதையும் கருத்திற்கொண்டு தடுக்காமல் விட்டார்கள். ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

இந்நபிமொழியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நாம் வியப்பதுண்டு. பேசப்படும் பொருள், பிள்ளை பெற்ற தாயும் அவள் பால்குடிப் பிள்ளையும். எழுந்த கேள்வி, ஒரு செயலால் தீங்கு உண்டா இல்லையா என்பது. விடை தேடிய வழியோ, அச்செயலைச் செய்யும் மக்களைப் பார்த்து அவர்களுடைய பிள்ளைகளின் நலத்தை எண்ணிப் பார்ப்பது. ஊரார் அச்சத்தையும் வழக்கத்தையும் மட்டும் சான்றாகக் கொள்ளாமல், இரு சாரார் நிலையையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறப்பட்டது. பிற்காலத்து மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு பகுதிக்குப் பணி செய்து, மற்றொரு பகுதியை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, இரண்டையும் ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்ததும் இவ்வகை முறையே. ஆகவே இக்கணக்கைப் படிப்பது நம் கல்விக்கு அயலான செயலன்று.

மார்க்கம் வகுத்த எல்லை

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம் பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோர்க்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிக்கிறது. அத்தாயின் உணவும் உடையும் தந்தையின் கடமை என்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய்க்குத் தீங்கு நேரக்கூடாது என்கிறது. பால் மறக்கச் செய்வதை இருவரும் கலந்து பேசி, மனம் ஒப்பி முடிவு செய்ய வேண்டும் என்கிறது. கால அளவு, கணவனின் பொறுப்பு, தாயின் நலம், இருவர் இசைவு ஆகிய நான்கும் இங்கே ஒருசேர வைக்கப்பட்டுள்ளன.

கருவுறாமல் தடுத்துக்கொள்ளும் 'அஸ்ல்' குறித்து இமாம்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். திருமறை இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் தோழர்கள் அதனைச் செய்து வந்தனர் என்னும் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு, பெரும்பான்மையினரின் அனுமதிக்கு அடிப்படை. மேலே கூறிய ஜுதாமா (ரலி) அவர்களின் அறிவிப்பிலேயே அதனைக் கண்டிக்கும் வாசகமும் உண்டு. இமாம் இப்னு ஹஸ்ம் அதனைப் பற்றிக்கொண்டு முற்றிலும் தடை என்றார். மனைவியின் இசைவு வேண்டும் என்பது சட்ட அறிஞர் பலரின் நிபந்தனை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் திருமணப் பகுதியில், பிள்ளைப்பேற்றின் ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதை ஏற்கத்தக்க நோக்கங்களுள் ஒன்றாகக் கூறுகிறார்கள். பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்று அஞ்சித் தடுப்பதைத் தீய நோக்கம் என்கிறார்கள்.

நம் காலத்து அறிஞரிடையேயும் கருத்து ஒன்றாக இல்லை. மௌலானா மௌதூதி அவர்கள் பிறப்புக் கட்டுப்பாட்டை ஓர் இயக்கமாகப் பரப்புவதை வன்மையாக மறுத்து எழுதினார்கள். அஸ்ஹரின் ஷைகு மஹ்மூத் ஷல்தூத் அவர்கள், ஒரு குடும்பம் தாயின் நலத்தைக் கருதி இடைவெளி விடுவதை ஏற்றார்கள். சமுதாயம் முழுவதற்கும் சட்டமாக்கித் திணிப்பதை ஏற்கவில்லை. தக்க மருத்துவக் காரணமின்றி நிரந்தரமாக மகப்பேற்றை ஒழித்துக்கொள்வது கூடாது என்பதே ஆலிம் பெருமக்களின் பொதுவான நிலை. இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

வாங்கினார்கள்; பயன்படுத்தவில்லை

1953ஆம் ஆண்டில் பஞ்சாப் மாநிலத்து லூதியானா மாவட்டத்தில், கன்னா என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பொது சுகாதாரப் பள்ளி அதனை நடத்திற்று. ராக்பெல்லர் அறக்கட்டளை பொருளுதவி செய்தது. ஜான் வையான், ஜான் கார்டன் என்னும் மருத்துவ அறிஞர் இருவர் பொறுப்பேற்றிருந்தனர். சில ஊர்களில் வீடு வீடாகச் சென்று நுரை மாத்திரை முதலிய கருத்தடைப் பொருள்களைக் கொடுத்தனர். வேறு சில ஊர்களை ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்டனர். 1960 வரை பணி நடந்தது. 1969இல் மீண்டும் வந்து பார்த்தனர்.

மாத்திரையைப் பெற்றுக்கொண்டோர் பலர் என்று ஏடு காட்டிற்று. ஆனால் பணி நடந்த ஊர்களின் பிறப்பு விகிதம், நடவாத ஊர்களின் விகிதத்திலிருந்து குறிப்பிடும்படி வேறுபடவில்லை. பிற்பாடு அங்கே சென்ற மஹ்மூத் மம்தானி என்னும் அறிஞர், 1972இல் வெளியிட்ட தம் நூலில் காரணத்தை விளக்கினார். வீடு தேடி வந்த விருந்தினரின் மனம் நோகக்கூடாதே என்று மக்கள் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டனர். ஒருவர் அந்தப் பெட்டிகளை அடுக்கிச் சிற்பம் ஒன்றே செய்து வைத்திருந்ததை அவர் கண்டார். உழவர் குடும்பத்திற்குப் பிள்ளைகளின் கையுழைப்பே ஆதரவு. அதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னவர்கள், அதற்கு ஈடாக எதையும் காட்டவில்லை.

அறப்பணியாளர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. கொடுத்த பொருளின் கணக்கு வேறு. பயனின் கணக்கு வேறு. ஒப்பீட்டு ஊர்கள் இல்லாதிருந்தால் கன்னா ஆய்வும் பெருவெற்றி என்றே எழுதப்பட்டிருக்கும்.

மத்லப்

'மத்லப்' என்னும் சொல்லை அரபியில் எழுதிப் படித்தால் 'நாடப்படும் பொருள்' என்று பொருள்படும். டாக்காவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வட்டாரம். முன்பு குமில்லா மாவட்டத்தில் இருந்தது; பின்னர் சாந்த்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆறும் வாய்க்காலும் குறுக்கு மறுக்காக ஓடும் தாழ்ந்த நிலம். மழைக்காலத்தில் படகின்றி நடமாட்டம் இல்லை. நெல்லும் மீனும் வாழ்வு. மக்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள், இந்துக்களும் வாழ்கின்றனர்.

காலரா ஆய்வுக்கென 1960இல் டாக்காவில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அதன் களநிலையம் 1963இல் மத்லபில் அமைந்தது. வாந்திபேதியால் மடிந்த குழந்தைகளைப் படகில் ஏற்றி வந்து காப்பாற்றிய நிலையம் அது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தே அந்நோயைத் தணிக்கலாம் என்னும் முறை 1968இல் டாக்காவில் நிறுவப்பட்டபோது, மத்லபும் அதன் களங்களுள் ஒன்றாயிற்று. குடும்ப நலப் பணியாளர் அவ்வூர்களுக்குள் வருமுன், உயிர் காத்தவர்கள் வந்திருந்தனர். மக்களின் நம்பிக்கைக்கு இது முதல் காரணம்.

1966 முதல் அங்கே மற்றொரு வேலையும் தொடங்கிற்று. ஒவ்வொரு வீட்டிலும் நிகழும் பிறப்பு, இறப்பு, திருமணம், குடிவரவு, குடிபெயர்வு யாவற்றையும் தொடர்ந்து பதிவு செய்யலாயினர். ஊர்ப் பெண்களே வீடு வீடாகச் சென்று கேட்டறிந்து வந்தனர். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பிறப்பையும் இறப்பையும் வாழ்ந்த ஊரையும் ஆராய்ந்து எழுதிய நம் முன்னோர்களின் உழைப்பு இங்கே நமக்கு நினைவு வருகிறது. 1970இன் பெரும்புயல், 1971இன் விடுதலைப் போர், 1974இன் பஞ்சம் ஆகிய மூன்றையும் கடந்து அப்பதிவேடு நின்றது.

முதல் முயற்சியும் இரண்டாம் முயற்சியும்

1975இல் கருத்தடைப் பொருள்களை வீடு தேடிச் சென்று வழங்கும் முதல் திட்டம் தொடங்கிற்று. வழங்கியோர் பெரும்பாலும் எழுத்தறியாத முதிய பெண்கள், கைம்பெண்கள். மாத்திரையும் ஆணுறையும் மட்டுமே அவர்களிடம் இருந்தன. முதல் சில மாதங்களில் பயன்படுத்துவோர் தொகை மளமளவென்று ஏறிற்று. பின்னர் தளர்ந்து போயிற்று. மாத்திரையால் தலைசுற்றலும் குமட்டலும் வந்தபோது என்ன செய்வதென்று சொல்ல ஆளில்லை. கன்னாவின் கதை மீண்டும் நடந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் மத்லபில் இருந்தோர் தோல்வியை மறைக்காமல் எழுதினர். எழுதியதைப் படித்துத் திட்டத்தை மாற்றினர். 1977 அக்டோபரில் புதிய பணி தொடங்கிற்று. 149 ஊர்களுள் 70 ஊர்கள் பணிப் பகுதி, 79 ஊர்கள் ஒப்பீட்டுப் பகுதி என வகுக்கப்பட்டன. ஒப்பீட்டுப் பகுதிக்கு வழக்கமான அரசுச் சேவை கிடைத்து வந்தது. பணிப் பகுதிக்கு 80 பெண்கள் நியமிக்கப்பட்டனர். அவ்வூர்களிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள், ஓரளவு பள்ளிப்படிப்புடையவர்கள், தாமே பிள்ளை பெற்று வளர்ப்பவர்கள். இரண்டு வாரத்திற்கொரு முறை ஒவ்வொரு வீட்டிற்கும் அவர்கள் செல்ல வேண்டும். மாத்திரை, ஊசி, ஆணுறை, லூப், அறுவை என எது வேண்டும் என்பதைத் தாயே தெரிந்துகொள்ளலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறலாம். உடல் ஒவ்வாவிடில், மேற்பார்க்கும் பெண் மருத்துவ ஊழியரிடமும் மருத்துவமனையிடமும் அனுப்பி வைப்பர்.

பர்தா ஒழுங்கு நிலவும் ஊர்களில் பெண் ஒருத்தி வீடு வீடாகச் சென்று பணியாற்றுவது தொடக்கத்தில் பலருக்கு உறுத்தலாயிருந்தது. ஆனால் அப்பர்தா ஒழுங்கே அவளை இன்றியமையாதவளாகவும் ஆக்கிற்று. வாசல் தாண்டி மருத்துவமனைக்குச் செல்ல இயலாத தாய்க்கு, உள்முற்றம் வரை வந்து அமர்ந்து பேசக்கூடிய ஒரு பெண் வேண்டும். மாமியாரின் ஐயத்தையும் கணவனின் தயக்கத்தையும் அவளால்தான் பேசித் தீர்க்க முடிந்தது. ரூத் சிம்மன்ஸ் முதலிய ஆய்வாளர் 1988இல் இதனையே எடுத்துக்காட்டினர். அப்பெண்கள் கொண்டுபோன பைக்குள் இருந்த பொருளைவிட, திரும்பத் திரும்ப வந்து கேட்ட விசாரிப்பே பெரும்பணி செய்தது.

எண்கள் கூறுவது

பணி தொடங்குமுன், மணமான பெண்களுள் கருத்தடை முறைகளைக் கையாண்டோர் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருந்தனர். ஒன்றரை ஆண்டுக்குள் அது மூன்றில் ஒரு பங்காயிற்று. 1990 அளவில் பாதியைக் கடந்தது. இம்முறை ஏறியது இறங்கவில்லை. டி. பால் ஷூல்ட்ஸ், ஷரீன் ஜோஷி என்னும் பொருளியலாளர் இருவர் நீண்டகால விளைவை ஆராய்ந்தனர். 1982 அளவில் பணிப் பகுதியின் பிள்ளைப்பேறு ஒப்பீட்டுப் பகுதியைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்திருந்ததென்றும், அவ்வேறுபாடு 1996 வரை நிலைத்ததென்றும் கண்டனர். தாய்மாரின் உடல் எடை, குழந்தைகள் உயிர்பிழைத்தல், குடும்பத்தின் உடைமை ஆகியவற்றிலும் பணிப் பகுதி மேம்பட்டிருந்தது.

ஆனால் தாயின் உயிர் என்னவாயிற்று? இதுவே நம் கேள்வி. மைக்கேல் கோனிக் முதலியோர் 1976 முதல் 1985 வரையிலான பத்தாண்டுப் பதிவேட்டை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டனர். அக்காலத்தில் மத்லபில் 387 தாய்மார் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்திருந்தனர். உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு ஐந்தரைத் தாய்மாரின் உயிர் விலையாகச் சென்றது. பேற்றுக்குப் பின் நில்லாத இரத்தப்போக்கு, கருச்சிதைவின் கேடு, பேறுகால வலிப்பு ஆகியவை முதன்மைக் காரணங்கள்.

அவர்கள் கண்ட உண்மை கூர்ந்து நோக்கத்தக்கது. குடும்ப நலப் பணியால் கர்ப்பங்கள் குறைந்தன. அதனால் மொத்தத்தில் இறக்கும் தாய்மாரின் தொகையும் குறைந்தது. ஆனால் கருவுற்ற ஒருத்திக்குப் பேற்றில் இருந்த ஆபத்து, பணிப் பகுதியிலும் ஒப்பீட்டுப் பகுதியிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இடைவெளி விடச் சொல்லிக் கொடுத்த கை, பிரசவ அறையில் இரத்தப்போக்கை நிறுத்தவில்லை. ஆற்றைக் கடக்கும் தடவைகள் குறைந்தன. படகின் ஓட்டை அப்படியே இருந்தது.

ஓர் எச்சரிக்கைக் கதை

எனவே 1987இல் பணிப் பகுதியின் ஒரு பாதியில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் அமர்த்தப்பட்டனர். வீட்டுப் பிரசவத்திற்கு வருவதும், ஆபத்து கண்டால் படகில் மத்லப் மருத்துவமனைக்கு அனுப்புவதும் அவர்கள் வேலை. பேறுகால இறப்பு அப்பகுதியில் வெகுவாகக் குறைந்தது என்னும் மகிழ்ச்சிச் செய்தி 1991இல் லான்ஸெட் இதழில் வெளியாயிற்று. உலகெங்கும் அதனை மேற்கோள் காட்டினர்.

ஆறாண்டு கழித்து, 1997இல், அதே இதழில் கரீன் ரான்ஸ்மன்ஸ் முதலியோர் நீண்டகாலப் பதிவேட்டை முழுவதும் எடுத்து மறுபடியும் ஆராய்ந்தனர். மருத்துவச்சிகள் இல்லாத பகுதியொன்றிலும் அத்தகைய இறப்புக் குறைவு நிகழ்ந்திருந்ததைக் கண்டனர். ஆகவே முழுப் புகழையும் அத்திட்டத்திற்கே சூட்டிவிட முடியாது என்றனர். தம் கட்டுரையை எச்சரிக்கைக் கதை என்றே தலைப்பில் குறித்தனர்.

இதனால் மருத்துவச்சிகளின் பணி வீண் என்று ஆகாது. கல்வி, சாலை, மருத்துவமனை, வறுமை தணிதல் எனப் பல கைகள் கூடித் தாயைத் தூக்கிவிடுகின்றன. அவற்றுள் ஒரு கை மட்டும் எல்லாம் என்னால் ஆயிற்று என்று கூறுதல் பொருந்தாது என்பதே இதன் கருத்து. 2007இல் வெளியான மற்றொரு லான்ஸெட் கட்டுரையும் இதனை உறுதி செய்தது. 1976 முதல் 2005 வரையிலான முப்பதாண்டில், மையத்தின் பணிப் பகுதியில் பேறுகால இறப்பு 68 விழுக்காடு குறைந்தது. அரசுச் சேவை மட்டும் பெற்ற பகுதியிலோ 54 விழுக்காடு குறைந்தது. வேறுபாடு உண்டு. ஆனால் பணிக்குரிய நேர்மையான பங்கு அந்த வேறுபாட்டின் அளவினதே. 68 முழுவதும் அன்று.

செலவின் கணக்கும் உண்டு. மத்லபைப் போல் இருவாரத்திற்கொரு முறை வீடு தேடிச் செல்வதற்கு வழக்கமான திட்டங்களைவிடப் பன்மடங்கு பொருள் வேண்டும் என்று லாண்ட் பிரிட்செட் 1994இல் சுட்டிக்காட்டினார். இவ்வினாவை மத்லபினரும் உணர்ந்திருந்தனர். 1982 முதல் சிராஜ்கஞ்ச், அபய்நகர் வட்டாரங்களில் அரசு ஊழியரைக் கொண்டே அப்படிப்பினைகளைச் செயற்படுத்திப் பார்த்தனர். நாடெங்கும் பெண் ஊழியர் வீடு தேடிச் செல்லும் முறை பரவிற்று. 1975இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 6.3 ஆக இருந்த பிள்ளைப்பேறு, 2011 அளவில் 2.3 ஆயிற்று.

இருண்ட பக்கம்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. மத்லபில் தாய்மார் மிகுதியாக விரும்பியது மூன்று மாதத்திற்கொரு முறை போடும் ஊசி. அம்மருந்தைக் கருத்தடைக்கெனப் பயன்படுத்த அமெரிக்க அரசின் மருந்துத்துறை 1992இல்தான் அனுமதி அளித்தது. தம் நாட்டுப் பெண்களுக்கு அனுமதியாத மருந்தை ஏழை நாட்டுப் பெண்களுக்கு வழங்கலாமா என்ற கேள்வி அந்நாளிலேயே எழுந்தது. பிற்காலத்தில் அனுமதி வந்துவிட்டதால் கேள்வியின் நியாயம் குறைந்துவிடவில்லை.

மத்லபுக்கு வெளியே, நாட்டின் பொதுத் திட்டத்தில், அறுவை செய்துகொள்வோர்க்குப் பணமும், பெண்ணுக்குச் சேலையும், ஆணுக்குக் கைலியும் கொடுக்கப்பட்டன. 1984இன் வெள்ளத்திற்குப்பின், அறுவை செய்துகொண்டோர்க்கே நிவாரணக் கோதுமை என்று சில இடங்களில் ஏழைப் பெண்கள் நெருக்கப்பட்டனர் என்று பெட்ஸி ஹார்ட்மன், ஹிலரி ஸ்டாண்டிங் இருவரும் 1985இல் எழுதினர். பசித்த வயிறு சொல்லும் இசைவு இசைவாகாது.

நம் நாட்டு நினைவு இன்னும் கசப்பானது. மத்லபில் முதல் திட்டம் நடந்த அதே 1975-77 காலத்தில்தான் இங்கே நெருக்கடி நிலை நிலவியது. 1976 ஏப்ரலில் தில்லி துர்க்மான் கேட் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டுத் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அதனருகே துஜானா ஹவுஸில் கருத்தடை முகாம் இயங்கி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மேவாத் வட்டாரத்து உத்தாவர் என்னும் முஸ்லிம் ஊரைப் போலீசார் இரவில் சூழ்ந்து, ஆண்களைப் பிடித்துச் சென்றனர். பலருக்கு அறுவை செய்யப்பட்டது. 1976-77ஆம் ஆண்டில் நாடெங்கும் எண்பது லட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அதைப் போன்ற 'வெற்றி' வேறில்லை. அவ்வெற்றி விதைத்த ஐயம் தலைமுறை கடந்தும் தொடர்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு ஊசி போட வரும் செவிலியரைக் கண்டாலும் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் அதனால் உண்டாயின. ஒப்பாத தாய்க்குச் செய்த 'நன்மை', ஒப்பிய தாய்க்குக் கிடைக்க வேண்டிய நன்மையையும் கெடுத்துவிடும்.

பிள்ளை பெற்றவளுக்கு

அண்மைக் காலத்தில் இப்பணி நேராகவே புதுத்தாயை நோக்கித் திரும்பியது. 2007 முதல் 2013 வரை, ஷாஹ் ஜலால் (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள சில்ஹட் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவுற்ற பெண்ணையும் பிறந்த குழந்தையையும் பார்க்க வரும் ஊழியப் பெண்களே, அடுத்த பேற்றுக்கு இடைவெளி விடுவது குறித்தும் பேசினர். ஒப்பீட்டுப் பகுதியில் இப்பேச்சு இல்லாமல் தாய்சேய் நலப் பணி மட்டும் நடந்தது. பணிப் பகுதியில் மிகக் குறுகிய இடைவெளியில் மீண்டும் கருவுறுதல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நாள் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளும் அதே அளவில் குறைந்தன. குறைமாதப் பிறப்பு சிசு மரணத்தின் பெருவாயில் என்பதால், இது பிறவாத பிள்ளைகளின் கணக்கன்று. பிறந்து பிழைத்த பிள்ளைகளின் கணக்கு.

அங்கே தாய்மாருக்குக் கற்பித்தவற்றுள் பாலூட்டலும் ஒன்று. குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பாமலும், தாய்ப்பால் தவிர வேறுணவு கொடாமலும், மாதவிலக்கு மீளாமலும் இருந்தால், பாலூட்டலே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு அளவில் கருவுறாமல் காக்கும் என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய அறிஞர்கள் உறுதி செய்தனர். மூன்றில் ஒன்று தவறினாலும் அக்காப்பு தளரும். மாதவிலக்கு திரும்பும் வரை கருவுற மாட்டோம் என்று நம் வீட்டுப் பெண்கள் பலரும் எண்ணியிருக்கின்றனர். அது பிழை. பாலூட்டாத தாய்க்கு நாற்பது நாள் முடியும் தறுவாயிலேயே, முதல் விலக்கைக் காணுமுன்னரே, கரு தங்கக்கூடும்.

2005இல் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, ஒரு பேற்றுக்குப்பின் குறைந்தது 24 மாதம் கழித்தே மீண்டும் கருவுறுதல் நன்று என்று பரிந்துரைத்தது. அவ்வறிக்கையில் காட்டப்பட்ட காரணங்களுள், ஈராண்டு பாலூட்டுக என்னும் பரிந்துரையோடு அது பொருந்தி வருவதும் ஒன்று. திருமறை குறித்த கால அளவை நாம் முன்னரே கண்டோம்.

நாம் கேட்க வேண்டியவை

மத்லபின் ஏட்டிலிருந்து நாம் பெறும் முடிவு இதுதான்: இத்தகைய அறப்பணி பயன் தரும், ஆனால் எல்லா வகையிலும் அன்று. பொருளைக் கொடுத்துவிட்டுப் போனால் பயனில்லை. கன்னாவும் 1975இன் மத்லபும் சான்று. நெருக்கினால் பயனுக்குப் பதில் பகையே விளையும், உத்தாவர் சான்று. தாய்க்குத் தெரிந்த பெண் ஒருத்தி மீண்டும் மீண்டும் வந்து, பல வழிகளைச் சொல்லி, அவளே தேர்ந்துகொள்ள விட்டு, ஒவ்வாததற்கு மருத்துவமும் காட்டினால் பயன் உண்டு. 1977க்குப் பின்வந்த மத்லப் சான்று. அதனோடு பாதுகாப்பான பிரசவமும் சேராவிடில் பணி பாதியிலேயே நின்றுவிடும். 387 தாய்மார் சான்று.

நம் ஊர்களில் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஏழைத் தாய்மாரின் பேறுகாலச் செலவுக்கு உதவி வருகின்றன. நல்ல பணி அது. ஆனால் மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்தியதும் நம் ஏடு மூடப்பட்டுவிடுகிறது. நாற்பதாம் நாளில் அத்தாய் எப்படி இருக்கிறாள், ஆறாம் மாதத்தில் பிள்ளைக்குப் பால் கிடைக்கிறதா, சோகை தீர்ந்ததா, ஓராண்டுக்குள் மீண்டும் கருவுற்றுத் துன்புறுகிறாளா என்று யார் எழுதி வைக்கிறோம்? மார்க்கம் அறிந்த பெண்ணாலிமா ஒருவரும், மருத்துவம் அறிந்த செவிலி ஒருவரும் சேர்ந்து அவ்வீட்டிற்கு நான்கு முறை சென்று வந்தால், எது ஆகும், எது ஆகாது என்பதையும் தெளிவாகச் சொல்லலாம். கணவனும் மனைவியும் கலந்து பேசி முடிவு செய்யட்டும். எவரையும் எதற்கும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஆனால் அறியாமையால் எந்தத் தாயும் மடிய வேண்டியதில்லை.

அத்தகைய ஏடு ஒன்றை ஓர் ஊர் ஜமாஅத்தேனும் பத்தாண்டு தொடர்ந்து எழுதிப் பார்க்கட்டும். நம் தருமம் எங்கே சென்று சேர்ந்தது என்பதை அது காட்டும். நம் தாய்மாருக்கும் அவர்தம் பால்குடிப் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் நிறைந்த நலத்தைத் தந்தருள்வானாக!